படம் முடிந்தது, கதை முடியவில்லை!

மாலை ரயிலுக்கு இன்னும் கால் மணி இருக்கிறது. ஆபீஸ் விட்டு வந்தவர் நடைபாதைப் பழைய புத்தகக் கடையின் முன்னால் நிற்கிறார். குவியலில் கைக்கு அடக்கமான ஒரு ஆங்கிலப் புத்தகம். அட்டையில் தொப்பியும் சாட்டையுமாக இண்டியானா ஜோன்ஸ். பார்த்த படம், பழகிய முகம். பேரம் பேசி வாங்கிக்கொண்டு ரயில் ஏறுகிறார்.

இருபது பக்கம் தாண்டியதும் சந்தேகம் வருகிறது. உருண்டு வரும் அந்தப் பாறாங்கல் எங்கே? பாம்புக் குழி எங்கே? புத்தகத்தில் இருப்பவன் கல்லூரி மாணவன். கிரேக்க நாட்டில் டெல்பி என்ற பழைய கோயிலின் இடிபாடுகளில் சுற்றிக்கொண்டிருக்கிறான். இது எந்தப் படத்தில் வந்தது?

எந்தப் படத்திலும் வரவில்லை. படத்தில் பிறந்த கதாநாயகனை வைத்து, படத்தில் இல்லாத கதைகளை எழுதி விற்பது மேல்நாட்டில் ஒரு தனித் தொழில். இண்டியானா ஜோன்ஸ் பெயரில் மட்டும் 1991 முதல் 1999 வரை அமெரிக்காவில் 12 நாவல்கள் இப்படி வந்தன. மூன்று ஆசிரியர்கள் எழுதினார்கள். ஏமாந்துபோனதாகப் புத்தகத்தை மூடி வைத்தவர்கள் உண்டு. பன்னிரண்டையும் தேடிப்பிடித்து வரிசையாக அடுக்கி வைத்திருப்பவர்களும் உண்டு. இந்த இரண்டு கட்சிக்கும் நடக்கிற வழக்கு இன்னும் தீரவில்லை.

பாட்டுப் புத்தகமும் நாவலும்

படத்தைப் பார்த்துவிட்டுப் புத்தகம் வாங்குவது நமக்கு ஒன்றும் புதிதல்ல. தியேட்டர் வாசலில் பாட்டுப் புத்தகம் விற்ற காலம் பலருக்கும் நினைவிருக்கும். முதல் இரண்டு பக்கங்களில் கதைச் சுருக்கம் இருக்கும். சுவையான கட்டத்தில் நிறுத்தி, "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று போட்டுவிடுவார்கள். 1952-ல் வந்த 'பராசக்தி'யின் வசனம் புத்தகமாக விற்றது. அதற்கும் முன்னால், கல்கியின் 'தியாகபூமி' ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது, தயாராகிக்கொண்டிருந்த படத்தின் புகைப்படங்களே கதைக்குச் சித்திரங்களாக அச்சாயின. படம் 1939-ல் வெளிவந்தது.

மேல்நாட்டில் இதை இரண்டு விதமாகச் செய்கிறார்கள். ஒன்று, படத்தின் கதையையே நாவலாக எழுதுவது. படப்பிடிப்பு நடக்கும்போதே திரைக்கதையை ஒரு எழுத்தாளரிடம் கொடுத்துவிடுவார்கள். அவர் படத்தைப் பார்த்திருக்க மாட்டார். எடிட்டிங்கில் போன காட்சி புத்தகத்தில் தங்கிவிடும். படம் பார்த்தவர் புத்தகத்தைப் படித்துவிட்டு, "இது எப்போது வந்தது?" என்று தலையைச் சொறிவதற்கு இதுதான் காரணம்.

இரண்டாவது விதம் புதுக் கதை. கதாநாயகன் கடன் வாங்கியவன். சம்பவங்கள் எழுத்தாளரின் சொந்தச் சரக்கு. ரயிலில் நம் நண்பர் கையில் இருந்தது இந்த வகை. உண்மையில் சண்டை முழுவதும் இந்த இரண்டாவது வகையைப் பற்றித்தான்.

நாயின் பெயர்

இண்டியானா ஜோன்ஸை உண்டாக்கியவர் தயாரிப்பாளர் ஜார்ஜ் லூகாஸ். 'ஸ்டார் வார்ஸ்' எடுத்த அதே லூகாஸ்தான். சிறு வயதில் அவர் பார்த்த பழைய தொடர் படங்கள் வாரம் ஒரு பகுதியாக வெளிவந்தவை. ஒவ்வொரு பகுதியும் கதாநாயகன் மலை விளிம்பில் தொங்கும்போது முடியும். அந்த மாதிரி ஒரு படம் எடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. கதாநாயகனுக்குத் தம் வீட்டு நாயின் பெயரையே வைத்தார். 1981-ல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் டைரக்ஷனில் 'ரெய்டர்ஸ் ஆப் தி லாஸ்ட் ஆர்க்' வந்தது. 1984, 1989, 2008, 2023 ஆகிய ஆண்டுகளில் மேலும் நான்கு படங்கள். ஐந்திலும் ஹாரிசன் போர்டுதான்.

முதல் படத்தை நாவலாக்கியவர் ஸ்காட்லாந்துக்காரரான கேம்பல் பிளாக். இரண்டாவது படத்தை ஜேம்ஸ் கான் எழுதினார். இவர் தொழிலால் டாக்டர். மூன்றாவதை எழுதியவர் ராப் மக்கிரெகர். இந்த மூன்றாவது புத்தகம் நன்றாகப் போனதால்தான் புது நாவல் வரிசை எழுதும் வேலை மக்கிரெகரைத் தேடி வந்தது.

பதிப்பாளர்கள் கெட்டிக்காரர்கள். படத்தின் போஸ்டர்களை வரைந்த ட்ரூ ஸ்ட்ரூசனையே நாவல்களின் அட்டைக்கும் பிடித்தார்கள். அட்டையைப் பார்த்தால் புதுப் படம் வந்துவிட்டதோ என்று தோன்றும். பாதி விற்பனை அந்தத் தூரிகைக்குத்தான் சேர வேண்டும்.

காளி எங்கே, அந்த மாந்திரீகன் எங்கே!

இந்திய வாசகர்களுக்கு இந்த வரிசையில் ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. இரண்டாவது படமான 'டெம்பிள் ஆப் டூம்' நம் நாட்டில் நடப்பதாகக் கதை. ஆண்டு 1935. பாங்காட் என்று ஒரு கற்பனை சமஸ்தானம். அரண்மனைக்கு அடியில் ஒரு குகைக் கோயில். அங்கே காளியின் பெயரால் நரபலி. பூசாரி மோலா ராமாக நடித்தவர் நம்முடைய அம்ரிஷ் பூரி. உயிரோடிருக்கும் மனிதனின் மார்பிலிருந்து இதயத்தைக் கையால் பிடுங்கி எடுப்பார். விருந்துக் காட்சியில் பாம்பும் வண்டும் குரங்கு மூளையும் பரிமாறப்படும்.

திரைக்கதையைப் படித்த இந்திய அரசு மாற்றங்கள் கேட்டது. படக்குழு சம்மதிக்காமல் இலங்கையில் கண்டிக்குப் போய்விட்டது. படத்தில் வரும் 'வட இந்திய' கிராமத்து மக்கள் சிங்களத்தில் பேசுவது இதனால்தான். இலங்கையிலிருந்து வந்தவர்கள் தியேட்டரில் சிரித்திருப்பார்கள். நாவலைப் படிப்பவர்களுக்கு இந்தச் சங்கடம் இல்லை. அச்செழுத்து காதில் விழாதல்லவா!

படம் வந்த புதிதில் இந்தியாவில் தடை போடப்பட்டது. அம்ரிஷ் பூரி கடைசி வரை படத்தை விட்டுக்கொடுக்கவில்லை. பழைய காலத்து ஒரு கூட்டத்தை வைத்துச் செய்த கற்பனை, இதற்குப் போய் இவ்வளவு கோபமா என்பது அவர் கட்சி. அந்த வேடத்துக்காக மொட்டையடித்த தலையே பிறகு அவருக்கு அடையாளமாகிவிட்டது. திவானாக நடித்த ரோஷன் சேத், விருந்துக் காட்சி ஒரு கேலிதான், ஆனால் அது கேலி என்பது யாருக்கும் புரியவில்லை என்று சொன்னார்.

ஜேம்ஸ் கானின் நாவலைப் பற்றி மேல்நாட்டு வாசகர்கள் பாராட்டுவது ஒரு விஷயத்தை. ஷாங்காய் மீது குண்டு விழுந்தபோது குடும்பத்தை இழந்த சீனச் சிறுவன் ஷார்ட் ரவுண்ட். படத்தில் அவன் கலகலப்புக்காக வருகிறவன். நாவலில் அவன் மனதுக்குள் ஆசிரியர் புகுந்து பார்க்கிறார். அநாதைப் பையன் ஒருவன் இண்டியை எப்படித் தகப்பன் ஸ்தானத்தில் வைத்திருக்கிறான் என்பது படத்தைவிடப் புத்தகத்தில் நன்றாகப் பிடிபடுகிறது.

இந்திய வாசகர் அதையும் ரசிப்பார். ஆனாலும் மனதில் ஒரு முள் உறுத்தும். 'தக்' கொள்ளைக்காரர்கள் கற்பனை அல்ல. வழிப்போக்கர்களைக் கழுத்தை நெரித்துக் கொன்ற கூட்டங்களைப் பிரிட்டிஷ் அதிகாரி ஸ்லீமன் 1830-களில் ஒடுக்கினார். கதை நடப்பது அதற்கு நூறு வருஷம் கழித்து. இதயத்தைப் பிடுங்கும் சடங்குக்கும் காளி வழிபாட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஊர் எல்லையில் காளியம்மனுக்குக் கூழ் ஊற்றி, பிள்ளைக்கு அம்மை இறங்க வேண்டிக்கொண்டு வளர்ந்தவர்களுக்கு, மோலா ராம் கூப்பிடும் காளி யாரோ ஒரு அந்நியப் பெண்மணி. சாகசக் கதையில் சரித்திரம் பார்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பார்க்க வேண்டியதில்லைதான். ஆனால் கதாநாயகன் தொழில் தொல்பொருள் ஆராய்ச்சியாயிற்றே! வேறு நாட்டுக் கதைகளில் ஆசிரியர்கள் எடுத்துக்கொண்ட சிரமத்தில் கால்வாசி நம் நாட்டுக் கதைக்கும் எடுத்திருக்கலாம் என்று சொல்வதில் நியாயம் இருக்கிறது.

காசிக்கும் இண்டி ஒருமுறை வந்து போயிருக்கிறான் என்பது பலருக்குத் தெரியாது. 'இளம் இண்டியானா ஜோன்ஸ்' டெலிவிஷன் தொடருக்காக எடுத்த கதைகளில் ஒன்றில், 1910-ல் சிறுவன் இண்டி காசியில் அன்னி பெசன்ட் அம்மையாரையும், அடையாறில் வளர்ந்த சிறுவன் ஜே. கிருஷ்ணமூர்த்தியையும் சந்திக்கிறான். இரண்டு பையன்களும் நண்பர்களாகிறார்கள். அதில் குரங்கு மூளை இல்லை.

முதல் மனைவி

மக்கிரெகர் 1991, 1992 ஆகிய இரண்டே ஆண்டுகளில் ஆறு நாவல்கள் எழுதினார். கதைகள் எல்லாம் 1935-க்கு முன்னால் நடந்ததாக அமைந்தன. படங்களின் காலத்தில் கை வைக்கவில்லை. ஆகவே அவருடைய இண்டி இளைஞன். டெல்பியில் தொடங்கி, ஸ்டோன்ஹெஞ்ச், அமேசான் காடு, நோவாவின் பேழை தேடும் அராரத் மலை, ஈஸ்டர் தீவு என்று போகிறான்.

வாசகர்கள் இவரைப் பற்றிச் சொல்லும் குறையும் நிறையும் ஒன்றேதான். மக்கிரெகருக்குப் புராணங்களிலும் கனவுகளிலும் மனம் போகிறது. டெல்பியில் குறி சொன்ன பெண்கள், மெர்லின் என்ற மந்திரவாதி, பூமிக்குள் இன்னொரு உலகம் என்று எழுதுகிறார். சாட்டையைச் சுழற்று, லாரியில் தொற்று என்று எதிர்பார்த்து வாங்கியவருக்குக் கொட்டாவி வருகிறது. பழைய நம்பிக்கைகளில் ருசி உள்ளவர்களுக்கு அதுவே பிடித்துப்போகிறது. ஆறாவது நாவலில் ஆசிரியர் கனவுலகத்துக்கே குடிபோய்விட்டார் என்பதில் மட்டும் இரண்டு கட்சியும் அநேகமாக ஒத்துப்போகும்.

ஆனால் மூன்றாவது நாவலைப் படித்தவர்கள் அதை மறப்பதில்லை. 'செவன் வெய்ல்ஸ்' என்பது பெயர். 1925-ல் அமேசான் காட்டுக்குள் போன ஆங்கிலேயர் கர்னல் பாசெட் திரும்பவே இல்லை. இது உண்மைச் சம்பவம். அவரைத் தேடிப் போகிறான் இண்டி. கூடப் போகிறாள் டெய்ட்ரி கேம்பல். முந்தைய நாவலில் அவனிடம் படித்த மாணவி. இருவரும் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். கதையின் முடிவில் விமான விபத்து. டெய்ட்ரி இறந்துவிடுகிறாள்.

பாறாங்கல்லுக்கும் நாஜிகளுக்கும் தப்பிக்கிறவன் மனைவியைக் காப்பாற்ற முடியாமல் நிற்கிறான். சாகச நாவல் என்று நினைத்து வாங்கியவருக்கு இது சம்மட்டி அடி. மக்கிரெகரைக் குறை சொல்பவர்கள்கூட இந்த இடத்தில் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள்.

கணக்குப் பார்க்கும் வாசகர்கள் எங்கும் உண்டு. குமாஸ்தா வேலை பார்த்தவர்களுக்கு அந்தப் புத்தி போகாது. முதல் படம் நடப்பது 1936-ல். அதில் மரியன், பத்து வருஷமாக உன்னை வெறுக்கக் கற்றுக்கொண்டேன் என்ற பொருளில் இண்டியிடம் சொல்கிறாள். அப்படியானால் அவர்கள் பழகிப் பிரிந்தது 1926-ஐ ஒட்டி. டெய்ட்ரியோடு கல்யாணம் நடப்பதும் அதே 1926. ஒரே ஆண்டில் ஒருத்தியைக் கைவிட்டு இன்னொருத்தியை மணந்தானா? நாவலை ஒப்புக்கொண்டால் கதாநாயகன் கொஞ்சம் மட்டமான ஆளாகிவிடுகிறான். ஒப்புக்கொள்ளாவிட்டால் டெய்ட்ரி என்று ஒருத்தி வாழவே இல்லை. இந்த ஒரு கணக்கை வைத்தே அமெரிக்க ரசிகர்கள் வருஷக்கணக்காக வாதாடியிருக்கிறார்கள்.

விமானம் ஓட்டிய எழுத்தாளர்

மக்கிரெகருக்குப் பிறகு வந்தவர் மார்ட்டின் கைடின். சாதாரண ஆள் இல்லை. 'சிக்ஸ் மில்லியன் டாலர் மேன்' டெலிவிஷன் தொடருக்கு மூலமான 'சைபார்க்' நாவல் இவர் எழுதியது. ஜெர்மானியர்களின் பழைய யுங்கர்ஸ் விமானம் ஒன்றைச் சொந்தமாக வைத்து ஓட்டியவர். விமானம் பற்றி அவர் எழுதினால் எண்ணெய் வாசனை வரும்.

அதுவே வினையாயிற்று. 1993-ல் வந்த 'ஸ்கை பைரேட்ஸ்' நாவலில் எஞ்சின் எத்தனை, இறக்கை எவ்வளவு, எந்த உயரத்தில் என்ன வேகம் என்று பக்கம் பக்கமாகப் போகிறது. இண்டி பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கிறான். இது இண்டியானா ஜோன்ஸ் கதையே அல்ல, கைடின் தன் கதைக்கு இண்டியின் தொப்பியை மாட்டிவிட்டார் என்று வாசகர்கள் எரிச்சலடைந்தார்கள். அடுத்த ஆண்டு வந்த 'வைட் விட்ச்' நாவலுக்கும் நல்ல பெயர் இல்லை. பன்னிரண்டில் கடைசி இடம் எதற்கு என்று ரசிகர்களைக் கேட்டால், இந்த இரண்டில் ஒன்றைச் சொல்பவர்கள்தான் அதிகம்.

விமானப் பைத்தியம் பிடித்த வாசகர்கள் மட்டும் கைடினுக்குப் பரிந்து பேசுவார்கள். அவர்களையும் தள்ளிவிட முடியாது. தையற்காரர் தையலைப் பற்றியும் பிட்டர் லேத்தைப் பற்றியும் பேசும்போது வரும் சுகம் வேறு எதிலும் வராது. கைடினிடம் அந்தச் சுகம் இருக்கிறது. கதைதான் இல்லை.

மண்டை ஓடு

1995-ல் மேக்ஸ் மக்காய் வந்தார். பத்திரிகை நிருபர், கவ்பாய் கதைகள் எழுதியவர். நான்கு நாவல்கள் எழுதினார். கதை முதல் பக்கத்திலேயே ஓட ஆரம்பிக்கிறது. யாராலும் படிக்க முடியாத வாய்னிச் கையெழுத்துப் பிரதி, கோபி பாலைவனத்தில் டைனோசர் முட்டை, ஸ்பிங்க்ஸின் ரகசியம் என்று விஷயங்களைப் பிடித்தார். டைனோசர் முட்டை வெறும் கதையல்ல. 1923-ல் அமெரிக்கர் ராய் சாப்மன் ஆண்ட்ரூஸின் குழு மங்கோலியாவில் அவற்றைக் கண்டெடுத்தது. படத்தில் பார்த்த அதே ஆள் திரும்பிவிட்டான் என்று வாசகர்கள் பெருமூச்சு விட்டார்கள். வரிசையில் முதல் இடம் பெரும்பாலும் மக்காய்க்குத்தான் கிடைக்கிறது.

நான்கு நாவல்களையும் கோக்கும் நூல் ஒரு ஸ்படிக மண்டை ஓடு. அதைத் தொட்ட பிறகு, அவன் நேசிப்பவர்களுக்குக் கேடு என்று ஒரு சாபம் இண்டியைத் தொடர்கிறது. இது 1995-ல். பதின்மூன்று வருஷம் கழித்து, 2008-ல், நான்காவது படம் ஸ்படிக மண்டை ஓட்டை வைத்தே வந்தது. நாவல்களின் மண்டை ஓட்டைப் பற்றி அதில் பேச்சே இல்லை. இண்டி அதை வாழ்க்கையில் முதல் தடவை பார்ப்பது போலப் பார்க்கிறான். நாவல் படித்தவர்கள் தியேட்டரில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். படத்தில் அது வேற்றுக் கிரகத்துச் சமாசாரமாகப் போனதால், சாபக் கதையே மேல் என்று சொன்னவர்களும் உண்டு. அது தப்பில்லாத தீர்ப்பு.

உண்மையான ஸ்படிக மண்டை ஓடுகளின் கதை இதைவிட வேடிக்கை. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒன்று இருக்கிறது. 1897-ல் வாங்கியது. பழைய மெக்சிகோ மக்கள் செய்தது என்று வெகுநாள் நம்பினார்கள். மைக்ராஸ்கோப்பில் ஆராய்ந்தபோது, சுழலும் சக்கரத்தால் தீட்டிய கோடுகள் தெரிந்தன. ஐரோப்பியர் வருவதற்கு முன்னால் அந்த மக்களிடம் அப்படிப்பட்ட சக்கரம் கிடையாது. ஆக, போலிச் சரக்கு!

ஒரே பேனாக் கோட்டில்

இந்த வாசகர்களுக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றலாம். லூகாசின் மற்றொரு பிள்ளையான 'ஸ்டார் வார்ஸ்' கதையைப் பார்த்தால் புரியும்.

அங்கேயும் படங்களுக்குப் பிறகு நாவல்கள் வந்தன. 1991-ல் டிமோதி ஸான் எழுதிய 'ஏர் டு தி எம்பயர்' விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. அதன்பின் நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள். கதாநாயகனுக்குக் கல்யாணம், குழந்தை, குழந்தைகளுக்குச் சண்டை என்று ஒரு வம்ச சரித்திரமே வளர்ந்தது. 1999-ல் வந்த ஒரு நாவலில், ரோமம் மூடிய சூபாக்கா என்ற பாத்திரம் இறந்துவிடுகிறது. அதை எழுதிய சால்வடோருக்கு வசைக் கடிதங்கள் குவிந்தன. சாகடிப்பது அவர் தனியாக எடுத்த முடிவல்ல, மேலிடத்து ஒப்புதல். திட்டு மட்டும் அவருக்கு!

2014 ஏப்ரலில், புதுப் படங்களுக்கு வழிவிடுவதற்காக, அந்த நாவல்கள் எல்லாம் இனி நடந்த கதை அல்ல, வெறும் 'கர்ணபரம்பரை' என்று உரிமையாளர்கள் அறிவித்தார்கள். இருபது வருஷமாகக் காசு கொடுத்து வாங்கிப் படித்தவர்கள் கொதித்தார்கள். புத்தகம் அலமாரியில்தானே இருக்கிறது, யாரும் பிடுங்கவில்லையே என்று கேட்கலாம். பிடுங்கவில்லை. ஆனால் ஊரில் நிலம் வாங்கி இருபது வருஷம் வேலி கட்டி வைத்தவனிடம், உன் பத்திரம் செல்லாது, மரத்தை வேண்டுமானால் பார்த்துக்கொள் என்று சொன்னால் எப்படி இருக்கும்? அதே வயிற்றெரிச்சல்தான்.

இண்டியானா ஜோன்ஸ் நாவல்களை அப்படி முரசறைந்து யாரும் தள்ளி வைக்கவில்லை. கண்டுகொள்ளாமல் விட்டார்கள். இரண்டில் எது கொடுமை என்பது பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

எழுதியவருக்குக் கூலி

வாசகர்களின் வழக்கில் எழுதியவர்களின் பாடு அடிபட்டுப் போகிறது. இந்த மாதிரி நாவலில் கதாநாயகன் எழுத்தாளருக்குச் சொந்தமில்லை. அவன் என்ன செய்யலாம், யாரைக் கொல்லலாம் என்பதற்கெல்லாம் அனுமதி வாங்க வேண்டும். எழுதி முடித்ததும் தாம் படைத்த புதுப் பாத்திரங்களும் உரிமையாளரிடம் போய்விடும். டெய்ட்ரியை வைத்து மக்கிரெகர் தம் இஷ்டத்துக்கு இன்னொரு கதை எழுத முடியாது. காரணம் சொல்லாமல் இலக்கிய விமர்சகர்கள் ஒதுக்குவார்கள். அட்டையில் கதாநாயகன் பெயர் பெரிய எழுத்தில். ஆசிரியர் பெயர் மூலையில்.

கூலித் தகராறும் நடந்திருக்கிறது. 'ஸ்டார் வார்ஸ்' முதல் படத்தின் நாவல் படம் வருவதற்கு முன்பே, 1976-ல் வந்துவிட்டது. அட்டையில் லூகாஸ் பெயர் இருந்தாலும் எழுதியவர் ஆலன் டீன் பாஸ்டர். உரிமைகள் கை மாறிய பிறகு தமக்கு வர வேண்டிய ராயல்டி நின்றுவிட்டது என்று 2020-ல் அவர் பகிரங்கமாகப் புகார் செய்தார். மனைவிக்கும் தமக்கும் உடம்பு சரியில்லாத வயோதிக காலம். சக எழுத்தாளர்களின் சங்கம் பின்னால் நின்றது. வாசகர்களும் சேர்ந்து குரல் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டில் அவர் விஷயம் தீர்ந்தது. வாசகர் அபிப்பிராயம் கதையை மாற்றாவிட்டாலும், ஒரு பெரியவருக்குச் சேர வேண்டியதை வாங்கிக் கொடுக்க உதவியது.

மேல்நாட்டில் இப்படி. நம் நாட்டில் இந்த நாவல்களைக் கூடைக்காரரிடமும் வாடகை நூலகத்திலும் எடுத்துப் படித்தவர்களுக்கு வேறு லாபம் இருந்தது. ஆங்கில ஆசிரியர் சொல்லிக்கொடுக்காத ஆங்கிலம் இதில் கிடைத்தது. பெரிய இலக்கியத்தை எடுத்தால் முதல் பக்கத்திலேயே அகராதி வேண்டும். இதில் கதை தெரிந்த ஆள்; படம் கண்ணில் ஓடுகிறது; புரியாத சொல்லைத் தாண்டிப் போனாலும் பாறாங்கல் நிற்கப் போவதில்லை. 'முத்து காமிக்ஸ்' இரும்புக்கை மாயாவியில் தொடங்கிய பையன்கள் பலர், இந்த மாதிரிப் பாலத்தின் மேல் நடந்துதான் ஆங்கிலத்துக்குள் போனார்கள். இது மட்டமான வாசிப்பு என்று மூக்கைச் சுளிப்பவர்கள் அந்தப் பாலம் தேவைப்படாத வீடுகளில் பிறந்தவர்களாக இருக்கலாம்.

கல்யாணம்

2009-ல் ஸ்டீவ் பெர்ரி எழுதிய 'ஆர்மி ஆப் தி டெட்' என்று இன்னொரு நாவல் வந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஹெய்ட்டி தீவில் நடமாடும் பிணங்கள். ஜெர்மனியில் ஹோல்பைன் என்ற ஆசிரியர் தனியாக எட்டு நாவல்கள் எழுதியிருக்கிறார். அவை ஆங்கிலத்தில் வரவில்லை. 'கூஸ்பம்ப்ஸ்' பேய்க் கதைகளால் பிறகு பெயர் பெற்ற ஆர். எல். ஸ்டைன்கூட 1984-ல் சிறுவர்களுக்காக இண்டியானா ஜோன்ஸ் கதை எழுதியவர்தான். பட்டியல் போட்டால் நீளும்.

2008 படத்தின் கடைசிக் காட்சி ஒரு மாதா கோயிலில் நடக்கிறது. 1957-ம் ஆண்டு. வயதான இண்டி, மரியனைக் கைப்பிடிக்கிறான். மகன் பக்கத்தில் நிற்கிறான். கதவு திறந்து காற்றடித்து, தொப்பி மகன் காலடியில் வந்து விழுகிறது. மகன் எடுத்துத் தலையில் வைக்கப் போகும்போது இண்டி அதைப் பிடுங்கித் தானே போட்டுக்கொண்டு நடக்கிறான். தியேட்டரில் எல்லோரும் கைதட்டினார்கள். ஒருவழியாக அவனுக்குக் கல்யாணம் ஆயிற்றே என்று பெண்கள் சந்தோஷப்பட்டார்கள்.

'செவன் வெய்ல்ஸ்' படித்தவர்களுக்கு மட்டும் இது இரண்டாம் கல்யாணம்.